தூது சென்று சேரும் இடம்

மனித உடல் கோடானுகோடி கலங்களால் ஆயது. ஒவ்வொரு கலமும் தனித்து வாழ்வது போலத் தோன்றினும், எந்தக் கலமும் தன் விருப்பப்படி நடந்துவிடுவதில்லை. ஈரற்கலம் தான் சேமித்து வைத்த வெல்லத்தை எப்போது குருதியில் விடுவிக்க வேண்டும், இதயத்தின் தசை எப்போது விரைந்து துடிக்க வேண்டும், தோலின் கலம் எப்போது பிரிந்து பெருக வேண்டும், எப்போது பெருகாது நிற்க வேண்டும் என்பவையெல்லாம் பெரும்பாலும் வெளியிலிருந்து வரும் தூதுகளாலேயே தீர்மானிக்கப்படுகின்றன. அத்தூதுகளை ஏற்று, உரிய இடத்துக்குக் கொண்டு சேர்க்கும் பணியைச் சில புரதங்கள் செய்கின்றன. அப்புரதங்கள் யாவை என்னும் வினாவே ஆராய்ச்சியாளரின் கருத்தை முதலிற் கவர்ந்தது. அவை கலத்தினுள் எவ்விடத்தில் இருக்கின்றன என்பது சிறியதொரு துணைவினாவாகவே கொள்ளப்பட்டது. ஆயினும் ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட ஆராய்ச்சியின் பயனாக, ஒரு புரதத்தின் இருப்பிடத்தை அறியாதவரை அதன் தொழிலையும் அறிந்ததாகாது என்பது தெளிவாகியுள்ளது. அத்தெளிவு எளிதிற் கிட்டியதன்று. அதற்கிடையில் நேர்ந்த தவறான கொள்கைகளும், அவற்றைத் திருத்திய சோதனைகளும், அவற்றால் நோயாளர் பெற்ற பயனும் அறியத் தக்கவை.

கலத்தின் அமைப்பைச் சுருக்கமாக நினைவிற் கொள்ளுதல் இங்கு வேண்டும். கலத்தைச் சூழ்ந்து கிடப்பது மென்சவ்வு. கொழுப்புப் பொருளாலான இதன் தடிப்பு, ஒரு மில்லிமீற்றரின் நூறாயிரத்தில் ஒரு பங்கிலும் குறைவு. அதனுள்ளே நிறைந்திருப்பது குழியவுரு. குழியவுருவின் நடுவே, பரம்பரையலகுகளைத் தாங்கிய கலக்கரு தனக்கெனவும் ஓர் உறை பூண்டு அமைந்துள்ளது. ஆகவே வெளியிலிருந்து வரும் தூது வாயிலிலேயே நின்றுவிடுகிறதா, முற்றத்தைக் கடக்கிறதா, உள்ளறை வரை செல்கிறதா என்னும் மூன்று வினாக்கள் இயல்பாக எழுகின்றன.

முதற்படியை இட்டவர் கேம்பிரிட்ச் பல்கலைக்கழகத்து உடற்றொழிலியலாளர் ஜோன் நியூப்போர்ட் லாங்லி. 1905ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட ஆராய்ச்சி, நிக்கொற்றீன், கியூராரே என்னும் இரு நஞ்சுகளைப் பற்றியது. நிக்கொற்றீன் தசையைச் சுருங்கச் செய்வது. கியூராரே அச்சுருக்கத்தைத் தடுப்பது. இந்நஞ்சுகள் நரம்பின் நுனியிலேயே வேலை செய்கின்றன என்று அக்காலத்திற் பலர் எண்ணினர். லாங்லி கோழியின் நரம்பை அறுத்து, அதன் நுனிகள் அழிந்துபோகும் வரை காத்திருந்தார். பின்னர் நிக்கொற்றீனை இட்டபோது தசை முன்போலவே சுருங்கிற்று. கியூராரே அதனை முன்போலவே தடுத்தது. ஆகவே நரம்பு நுனி அன்று. தசையே நஞ்சை ஏற்கின்றது. ஆனால் கியூராரே இட்ட பின்னரும் மின்னோட்டத்தால் நேரே தூண்டப்பட்ட தசை சுருங்கியது. எனவே சுருங்கும் பொருள் வேறு, நஞ்சை ஏற்கும் பொருள் வேறு. அந்த ஏற்கும் பொருளே பிற்காலத்தில் வாங்கி எனப் பெயர் பெற்றது. குருதிவழியே செல்லும் தூதுப் பொருள்களுக்கு ஓமோன் என்னும் பெயரை ஏர்னெஸ்ற் ஸ்ராலிங் இலண்டனில் முதன்முதல் வழங்கியதும் அதே 1905ஆம் ஆண்டிலேயே.

வாங்கி உண்டு என்பது பெறப்பட்டது. அது கலத்தின் எப்பகுதியில் உள்ளது என்பது பெறப்படவில்லை. அதற்கு ஐம்பது ஆண்டுகள் சென்றன. 1955இல் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஹொசே டெல் காஸ்தியோவும் பேனாட் காட்ஸும் மிக நுண்ணிய கண்ணாடிக் குழாய் ஒன்றில் அசற்றைல்கோலீனை நிரப்பினர். நரம்பு தசைக்கு அனுப்பும் தூதுப் பொருள் அது. தவளையின் தசைநாரில், நரம்பு வந்து பொருந்தும் இடத்தின் வெளிப்புறத்தே அதனைச் சிறிதளவு விட்டபோது நார் உடனே தூண்டப்பட்டது. அதே குழாயை மென்சவ்வைத் துளைத்து உள்ளே செலுத்தி, அதே பொருளை உள்ளே விட்டபோது யாதொரு விளைவும் நிகழவில்லை. வாங்கி மென்சவ்வில் உள்ளது. அதுவும் புறத்தை நோக்கியே உள்ளது. இந்த ஒரு சோதனையால் வாயிலின் இருப்பு ஐயமற நிறுவப்பட்டது.

வாயிலில் நிற்கும் தூது உள்ளே எவ்வாறு செல்கின்றது? இவ்வினாவுக்கு விடை கண்டவர் அமெரிக்காவைச் சேர்ந்த ஏர்ள் சதர்லந்து. அச்சம் தோன்றும் வேளையில் அதிரினலின் ஈரலை அடைய, ஈரல் தன் கிளைக்கோசனைச் சிதைத்துக் குளுக்கோசை விடுவிக்கின்றது. இதற்குரிய நொதியம் பொசுபோரிலேசு. கலத்தை உடைத்துவிட்டால் ஓமோன் பயன் தராது என்னும் எண்ணம் அக்காலத்திற் பரவியிருந்தது. கிளீவ்லந்து நகரில் சதர்லந்தும் தியோடர் ரால் முதலியோரும் ஈரலை அரைத்துக் கூழாக்கி, அக்கூழில் ஓமோனை இட்டனர். உடைந்த கலமும் ஓமோனின் கட்டளைக்குப் பணிந்தது. ஆனால் கூழை மையநீக்கப் பொறியிலிட்டுச் சுழற்றி, அடியிற் படிந்த மென்சவ்வுத் துணுக்குகளை அகற்றியபோது, மேலே நின்ற தெளிந்த நீர்மத்தில் நொதியம் இருந்தும் ஓமோன் யாதும் செய்யவில்லை.

அகற்றிய படிவுக்குத் தனியே ஓமோனை ஊட்டினர். அதிலிருந்து ஒரு சிறு பொருள் பிறந்தது. கொதிக்க வைத்தும் அது அழியவில்லை. ஆகவே அது நொதியமாதல் இயலாது. அதனைத் தெளிந்த நீர்மத்தில் இட்டவுடன் பொசுபோரிலேசு வினைத்திறன் பெற்றது. 1957, 1958ஆம் ஆண்டுகளில் வெளிவந்த ஆராய்ச்சிகளால் அப்பொருள் வட்ட அடெனோசீன் ஒருபொசுபேற்று என அறியப்பட்டது. வெளித்தூதன் வாயிலிலே நிற்க, உள்ளே ஓடும் இரண்டாந் தூதன் இதுவே. இதனை ஆக்கும் நொதியம் மென்சவ்வைச் சார்ந்தது என்பது 1963இல் புறாவின் செங்குருதிக் கலங்களைக் கொண்டு காட்டப்பட்டது. சதர்லந்து 1971இல் நோபல் பரிசு பெற்றார். கலத்தை அரைத்துப் பகுதி பகுதியாகப் பிரிக்கும் முறை இங்கே பெருவெற்றி கண்டது. அதே முறை மற்றோரிடத்தில் அறிஞரைப் பதினாறு ஆண்டுகள் வழிதவறச் செய்தது என்பது இவ்வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

பெண்மைக்குரிய ஓமோனாகிய ஈஸ்திரசன் பற்றியதே அந்த வரலாறு. 1950களில், ஈஸ்திரசன் கலத்தினுட் சென்று வேதியியல் மாற்றமடைவதன் மூலமே நொதியங்களுக்கு உதவுகின்றது என்னும் கொள்கை செல்வாக்குப் பெற்றிருந்தது. சிக்காக்கோப் பல்கலைக்கழகத்தில் எல்வுட் ஜென்சனும் ஹேர்பேட் ஜேக்கப்சனும் இதனைச் சோதிக்க முற்பட்டனர். உடலில் இவ்வோமோன் மிகச் சொற்ப அளவிலேயே உளதாதலால், அதனைத் தொடர்ந்து செல்வது அரிது. எனவே கதிர்வீசும் ஐதரசனாகிய திரித்தியத்தை ஓமோனில் இணைத்து, முதிராத பெண் எலிகளுக்கு ஊட்டினர். குருதியிலும் தசையிலும் ஓமோன் வந்தவாறே அகன்றது. கருப்பையிலோ நெடுநேரம் தங்கிற்று. தங்கிய ஓமோன் யாதொரு மாற்றமும் அடையவில்லை. ஆகவே அது தன்னை மாற்றிக்கொண்டு பணி செய்யவில்லை. ஏதோ ஒரு புரதத்தைப் பற்றிக்கொண்டே பணி செய்கிறது. 1958இல் வியன்னா நகரில் நடைபெற்ற மாநாட்டில் ஜென்சன் இதனை எடுத்துரைத்தபோது, அவ்வரங்கில் கேட்டிருந்தோர் மிகச் சிலரே.

அப்புரதம் எவ்விடத்தது? ஓமோன் ஊட்டாத எலியின் கருப்பையை அரைத்துச் சுழற்றியபோது, வாங்கி தெளிந்த நீர்மத்தில், அதாவது குழியவுருவுக்குரிய பகுதியிற் கிடைத்தது. ஓமோன் ஊட்டிய எலியிலோ கலக்கருக்கள் சேர்ந்த படிவிற் கிடைத்தது. இதிலிருந்து 1968இல் ஜென்சனின் குழுவினரும் ஜாக் கோர்ஸ்கியின் குழுவினரும் ஒரே முடிவுக்கு வந்தனர். வாங்கி முற்றமாகிய குழியவுருவிற் காத்திருக்கிறது; ஓமோன் வந்தவுடன் அதனைத் தாங்கிக்கொண்டு கலக்கருவுட் புகுகின்றது என்பதே அம்முடிவு. எளிமையும் அழகும் உடைய இக்கொள்கை பாடநூல்களில் இடம்பெற்றது.

1984ஆம் ஆண்டில் ஒரே சஞ்சிகையின் ஒரே இதழில் வெளிவந்த இரண்டு கட்டுரைகள் இக்கொள்கையை வீழ்த்தின. முதலாவது, ஜென்சனோடு முன்னர்ப் பணியாற்றிய ஜெஃப்ரி கிரீனும் வில்லியம் கிங்கும் எழுதியது. வாங்கியை மட்டுமே சென்று பற்றும் பிறபொருளெதிரிகளை ஆக்கி, அவற்றுக்கு நிறமூட்டி, இழையத்தை அரைக்காமல் மெல்லிய சீவலாகவே நுணுக்குக்காட்டியில் நோக்கினர். ஓமோன் இருப்பினும் இல்லாதிருப்பினும் நிறம் கலக்கருவிலேயே தோன்றிற்று. இரண்டாவது கட்டுரை கோர்ஸ்கியின் ஆய்வுகூடத்திலிருந்தே வந்தது. அவர்கள் ஒரு மருந்தின் துணையாற் கலங்களினின்றும் கலக்கருவைப் பிரித்தெடுத்து, இரு பகுதிகளையும் தனித்தனியே அளந்தனர். ஓமோனைப் பற்றாத வாங்கியும் கலக்கருவோடேயே சென்றது. ஓமோனற்ற வாங்கி கலக்கருவினுள் இறுகப் பற்றாது தளர்ந்து நிற்பது. அரைக்கும்போது அது நீர்மத்தில் ஒழுகிவிடுகின்றது. ஓமோனைப் பெற்ற வாங்கி பரம்பரையலகுகளோடு இறுகப் பிணைவது; அரைத்தாலும் ஒழுகுவதில்லை. முன்னோர் கண்ட இடப்பெயர்ச்சி கலத்தினுள் நிகழ்ந்ததன்று. அரைக்கும் பாத்திரத்தினுள் நிகழ்ந்தது. இக்கொள்கையை ஆக்கிய இரு குழுக்களைச் சார்ந்தோரே அதனைத் திருத்தவும் முன்வந்தமை போற்றத் தக்கது.

இது அறிஞர் தமக்குள் நிகழ்த்திய வெறும் வாதமன்று. 1896இல் கிளாஸ்கோ நகரத்துச் சத்திரவைத்தியர் ஜோர்ஜ் பீற்சன், முற்றிய மார்புப் புற்றுநோயுற்ற பெண்களின் சூலகங்களை அகற்றுவதாற் சிலருக்கு நோய் தணிவதைக் கண்டார். ஆனால் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கே பயன் கிட்டியது. ஏனையோர் வீணே சத்திரசிகிச்சையின் துன்பத்தை ஏற்றனர். ஈஸ்திரசன் வாங்கி உள்ள கட்டிகளே பெரும்பாலும் இச்சிகிச்சைக்கு இணங்குவன என்பதை 1971இல் ஜென்சன் காட்டினார். அதன் பின் வாங்கியைத் தடுக்கும் தமொக்சிபென் என்னும் மருந்து வழக்கிற்கு வந்தது. அக்காலச் சோதனைக்குக் கட்டியின் பெரியதொரு துண்டை அரைக்க வேண்டியிருந்தது. வாங்கியின் இருப்பிடத்தை அறிவதற்கென ஆக்கப்பட்ட பிறபொருளெதிரியோ மிகச் சிறிய சீவல் ஒன்றே போதும் என்னும் நிலையை உண்டாக்கிற்று. இன்றும் நோயியலாளர் நுணுக்குக்காட்டியில் எண்ணுவது நிறமேறிய கலக்கருக்களையே. நூற்றுக்கு ஒன்றாயினும் நிறமேறியிருப்பின் கட்டி வாங்கியுடையது என்று கொள்வது 2010இல் வகுக்கப்பட்ட அமெரிக்க நெறிமுறை. குழியவுருவிற் காணும் நிறம் கணக்கிற் சேர்க்கப்படுவதில்லை.

எனினும் எல்லா வாங்கிகளுக்கும் ஒரே விதி பொருந்துவதில்லை. அதிரினற் சுரப்பியின் புறணியில் உண்டாகும் கோட்டிசோல் என்னும் ஓமோனுக்குரிய வாங்கி உண்மையாகவே குழியவுருவிற் காத்திருந்து, ஓமோன் வந்த பின்னரே கலக்கருவுட் புகுகின்றது. ஒன்றிற் பிழையான கொள்கை அதன் உறவினத்துக்குச் சரியாக அமைந்தது. ஆகவே ஒவ்வொரு புரதத்தின் இடத்தையும் தனித்தனியே நோக்கியே அறிதல் வேண்டும்.

இடம் தவறினாற் புரதம் என்னாகும் என்பதைக் காட்டியது மற்றொரு நோயின் ஆராய்ச்சி. நியூயோர்க் நகரத்து ரொக்பெலர் நிலையத்தில், கோழிகளுக்குப் புற்றுநோய் விளைக்கும் ஒரு வைரசைப் பற்றி 1911இல் பெய்ட்டன் ரௌஸ் அறிவித்தார். ஐம்பத்தைந்து ஆண்டுகளின் பின், 1966இல், அவர் நோபல் பரிசு பெற்றார். அந்நோய்க்குக் காரணமான சார்க் என்னும் புரதம் 1977இற் கண்டறியப்பட்டது. பிற புரதங்களிற் பொசுபேற்றைச் சேர்க்கும் நொதியம் அது. அதன் நுனியில் மிரிஸ்திக் அமிலம் என்னும் கொழுப்பமிலம் ஒட்டியுள்ளது. சாதிக்காயின் இலத்தீன் பெயரால் வழங்கும் இவ்வமிலம் தேங்காயெண்ணெயிலும் உளது. கொழுப்பாலாய மென்சவ்வின் உட்புறத்தில் இப்புரதத்தை நங்கூரம் போல நிறுத்துவதற்கு இக்கொழுப்பு வேண்டும். 1984, 1985ஆம் ஆண்டுகளில் இக்கொழுப்பு ஒட்டாதவாறு புரதத்தின் நுனியை மட்டும் மாற்றியோர், வியக்கத்தக்க விளைவைக் கண்டனர். நொதியத்தின் ஆற்றல் குன்றவில்லை. ஆனால் அது மென்சவ்வை விட்டு நீங்கிக் குழியவுருவில் அலைந்தது. கலத்தைப் புற்றுநோய்க்கலமாக மாற்றும் வலிமையை முற்றாக இழந்தது. ஆற்றல் ஒன்றே, இடம் வேறு, ஆகவே தொழிலும் வேறு.

ராஸ் என்னும் புரதமும் அத்தகையதே. 1982இல், மனிதரின் சிறுநீர்ப்பைப் புற்றுநோயில் இப்புரதத்தின் பன்னிரண்டாம் அமினோ அமிலம் மட்டும் கிளைசீனிலிருந்து வலீனாக மாறியிருப்பது அறியப்பட்டது. மென்சவ்வின் உட்புறத்தே நின்று, கலத்தைப் பெருகுமாறு ஏவும் பணி இதற்குரியது. பதினைந்து காபன் அணுக்களைக் கொண்ட பார்னெசைல் என்னும் கொழுப்புவால் இதனை அங்கே நிறுத்த உதவுகின்றது. வாலை ஒட்டும் நொதியத்தைத் தடுத்தால் ராஸ் தன் இடத்தை இழக்கும். இடத்தை இழந்தால் நோய் அடங்கும் என்று மருந்தாக்குவோர் எண்ணினர். 1990களில் இத்தகைய மருந்துகள் எலிகளில் நற்பயன் தந்தன. மனிதரிலோ நம்பிக்கை பொய்த்தது. கணையப் புற்றுநோயுற்ற 688 நோயாளரிற் செய்யப்பட்டு 2004இல் வெளியான பரிசோதனை, இவ்வகை மருந்தொன்றால் ஆயுள் நீளவில்லை என்று காட்டிற்று. காரணம் முன்னரே ஆய்வுகூடங்களில் அறியப்பட்டிருந்தது. ஒரு வால் மறுக்கப்பட்டபோது, கணையப் புற்றுநோயில் மிகுதியாகக் காணப்படும் கே-ராஸ் என்னும் வகை, இருபது காபன் அணுக்கள் கொண்ட வேறொரு வாலை ஏற்று அதே இடத்தைச் சென்றடைந்தது.

ஆனால் அவ்வுழைப்பு வீண்போகவில்லை. குழந்தைப் பருவத்திலேயே முதுமையை வருவிக்கும் புரோசேரியா என்னும் அரிய நோயில், பழுதுற்ற ஒரு புரதம் தன் பார்னெசைல் வாலைக் களையமாட்டாது கலக்கருவின் உறையிலே ஒட்டிக்கொண்டு தீங்கு செய்கின்றது. புற்றுநோய்க்கென ஆக்கப்பட்ட லோனபார்னிப் என்னும் மருந்து, 2020இல் இந்நோய்க்கென அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கே-ராசின் ஒருவகை விகாரத்தை நேரே தடுக்கும் முதலாவது மருந்து 2021இல் அங்கு அனுமதி பெற்றது. அம்மருந்து இடத்தை மாற்ற முயலாது, புரதத்தையே பற்றுவது.

இதுவரை கூறிய சோதனைகளுட் பல, கலத்தை உடைத்தோ கொன்றோ செய்யப்பட்டவை. உயிருள்ள கலத்திற் புரதத்தின் நடமாட்டத்தைக் கண்ணாற் காணும் வாய்ப்பைத் தந்தது ஒரு கடல்வாழ் உயிர். அமெரிக்காவின் மேற்குக் கரையிற் பிடிக்கப்பட்ட ஒருவகைச் சொறிமீனிலிருந்து, பச்சையாய் ஒளிரும் புரதமொன்றை ஒசாமு ஷிமோமுரா பிரித்தெடுத்தார். அதுபற்றிய குறிப்பு 1962இல் வெளிவந்தது. அதன் பரம்பரையலகை 1992இல் டக்ளஸ் பிராஷர் வெளியிட்டார். 1994இல் மார்ட்டின் சால்ஃபி அதனை வேற்றுயிர்களில் ஒளிரச் செய்தார். றொஜர் சியென் அதனைப் பல நிறங்களில் ஆக்கினார். 2008இன் நோபல் பரிசு ஷிமோமுரா, சால்ஃபி, சியென் ஆகிய மூவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. விரும்பிய புரதத்தோடு இவ்வொளிர் புரதத்தை இணைத்துவிட்டால், அது செல்லுமிடமெல்லாம் விளக்கேந்திச் செல்லும். கோட்டிசோல் வகை ஓமோனை ஏற்கும் வாங்கி குழியவுருவிலிருந்து கலக்கருவுட் புகும் காட்சி, 1996இல் இவ்வாறு உயிருள்ள கலத்திலேயே காணப்பட்டது.

நிறுவப்பட்டதாகக் கருதிய செய்திகளும் இவ்வொளியில் மறுபார்வைக்கு உள்ளாயின. மென்சவ்வின் வாங்கி, ஓமோனை ஏற்றபின் சிறு குமிழொன்றினுள் உள்ளே இழுக்கப்படுவதுண்டு. அவ்வாறு இழுக்கப்படுதல் தூது முடிவுற்றதன் அடையாளம் என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 2009இல், கேடயச்சுரப்பியைத் தூண்டும் ஓமோனின் வாங்கியை ஆராய்ந்த குழுவொன்றும், பரகேடயச்சுரப்பி ஓமோனின் வாங்கியை ஆராய்ந்த மற்றொரு குழுவும், உள்ளே சென்ற வாங்கி குமிழிலிருந்தும் வட்ட அடெனோசீன் ஒருபொசுபேற்றை ஆக்குவித்துத் தூதைத் தொடர்கின்றது என்று காட்டின. சதர்லந்து கண்ட இரண்டாந் தூதன் வாயிலில் மட்டுமன்றி முற்றத்திலும் பிறக்கின்றான் என்பது இதனாற் பெறப்பட்டது.

லாங்லி நரம்பை அறுத்துக் காத்திருந்த நாள் முதல் இன்று வரை, ஒவ்வொரு கருவியும் தனக்கு இயன்ற அளவுக்கே கலத்தின் உண்மையைக் காட்டியுள்ளது. அரைத்தல் நொதியத்தைக் காட்டிற்று, இடத்தை மறைத்தது. பிறபொருளெதிரி இடத்தைக் காட்டிற்று, இயக்கத்தைக் காட்டவில்லை. ஒளிர்புரதம் இயக்கத்தையும் காட்டுகின்றது; ஆயினும் தான் இணைந்த புரதத்தின் நடையை அது சிறிதும் மாற்றவில்லையா என்பதை ஒவ்வொரு முறையும் சோதித்தே தெளிய வேண்டும். சார்க்கின் நுனியில் ஒட்டிய கொழுப்பும், கருப்பைக் கலத்தில் ஒழுகிய வாங்கியும் புகட்டும் பாடம் ஒன்றே. புரதத்தின் இடம் அதன் முகவரி மட்டுமன்று; அதன் தொழிலின் ஒரு பாதி. கட்டியின் சிறு சீவலிலே நிறமேறிய கலக்கருக்களை எண்ணி, ஒரு பெண்ணுக்கு உரிய சிகிச்சை இன்னதெனத் தீர்மானிக்கும் நோயியலாளர், அந்தப் பாடத்தை நாள்தோறும் நடைமுறைப்படுத்துகின்றார்.